அப்பா இறந்து வருஷம் திரும்புவதற்குள் வீட்டில் கல்யாணம் வைக்கலாமா?

அப்பா தவறி இரண்டு மாதம் ஆகிறது, தங்கைக்கு முன்பே நிச்சயம் முடிந்திருக்கிறது, வருஷம் திரும்பாமல் கல்யாணம் வைத்தால் ஆகாது என்று சொந்தத்தில் சிலர் தடுக்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

வைக்கலாம். எங்கள் வீட்டில் வைத்தார்கள். கல்யாணப் பெண் நான்தான்.

எங்களுக்குத் திருநெல்வேலி. ஆவணியில் எனக்கு நிச்சயம், தையில் கல்யாணம் என்று பேச்சு. புரட்டாசியில் அப்பா போய்விட்டார். மாரடைப்பு. அதை இங்கே விரித்து எழுதப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்து வாடகைப் பாத்திரங்களைத் திருப்பிக் கொடுப்பதற்குள்ளேயே எங்கள் வீட்டிலும் இதே பேச்சு ஆரம்பித்துவிட்டது. ஒரு கூட்டம், வருஷம் திரும்பட்டும், அவசரம் என்ன என்றது. இன்னொரு கூட்டம், பதினாறு கழிந்தால் தீட்டு போயாச்சு, பொண்ணு கல்யாணத்தை வருஷத்துக்குள்ளேயே முடித்துவிட வேண்டும், அதுதான் போனவருக்குப் புண்ணியம் என்றது. வேடிக்கை என்னவென்றால் இரண்டு கூட்டமும் "பெரியவங்க சொல்லியிருக்காங்க" என்றுதான் சொன்னது, அந்தப் பெரியவர்கள் யார் என்று யாரும் சொல்லவில்லை.

பொதுவாக நம் பக்கம் அந்த ஒரு வருஷம் தீபாவளி கிடையாது, பொங்கல் பானை கிடையாது, மலைக்கோயில் ஏறுவதில்லை, சபரிமலைக்கு மாலை போடுவதில்லை. இதெல்லாம் அநேகமாக எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் ஏற்கெனவே பேசி முடித்த பெண்ணின் கல்யாணத்துக்கு மட்டும் பல வீடுகளில் விலக்கு வைத்திருக்கிறார்கள். ஐயர் வீடுகளில் மாதாமாதம் செய்ய வேண்டிய மாசிகங்களில் பாக்கி இருப்பதை முன்னாலேயே இழுத்துச் செய்து முடித்துவிட்டு முகூர்த்தம் வைக்கிற வழக்கம் இருக்கிறது என்று எங்கள் பக்கத்து வீட்டு மாமி சொன்னார். அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர்களே ஒரு வழி வைத்திருக்கிறார்கள் என்றால் நாம் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாவின் முஸ்லிம் சிநேகிதர் ஒருவர், மேலப்பாளையத்துக்காரர், துக்கம் கேட்க வந்தபோது இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, எங்களில் மூன்று நாளுக்கு மேல் துக்கம் கொண்டாடக் கூடாதும்மா, கணவரை இழந்தவர் மட்டும் நாலு மாதம் பத்து நாள் இத்தா என்று துக்கம் காத்து இருப்பார் என்றார். அம்மா அதை உட்கார்ந்து மாதக் கணக்குப் போட்டுப் பார்த்தாள். எதற்கென்று கேட்டதற்குப் பதில் இல்லை.

என் தாய்மாமா கறுப்புச் சட்டைக்காரர். அவர் ஒரேயடியாக, "1967-லயே அண்ணா சட்டத்தைத் திருத்திட்டார்ளா, சொந்தக்காரங்க முன்னால மாலை மாத்திக்கிட்டா சட்டப்படி கல்யாணம், நல்ல நாளாவது கெட்ட நாளாவது" என்றார். அவர் சொன்னது சரிதான், சட்டத்துக்கு இந்த வருஷக் கணக்கு எதுவும் கிடையாது. ஆனால் அம்மா, "எனக்கு மேளம் வேணும், தாலி வேணும், நீ பேசாம சாப்பிடு" என்று இலையில் இன்னும் கொஞ்சம் சோறு வைத்துவிட்டாள்.

இவ்வளவுக்கும் அம்மாவுக்கு அப்போது சாமி மேலேயே கோபம். வருஷம் தவறாமல் கந்த சஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருக்கிறவள், கடைசி நாள் திருச்செந்தூர் போய்ச் சூரசம்ஹாரம் பார்க்கிறவள். அந்த ஐப்பசியில் சஷ்டி வந்தபோது காலையில் எழுந்து எல்லாரையும் போல இட்லி சாப்பிட்டாள். ஆச்சி ஏதோ கேட்கப்போக, "இந்த வருஷம் அவன் எனக்காக விரதம் இருக்கட்டும்" என்றாள். அப்புறம் வீட்டில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அடுத்த வருஷம் அவளாகவே விரதம் இருந்தாள்.

சரி, தேதி விஷயத்துக்கு வருகிறேன். தையே இருக்கட்டும் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள், அம்மாவும் சரி என்றாள், அதோடு அந்த வாக்குவாதம் படுத்துவிட்டது. என் அனுபவத்தில் தேதி பெரிய விஷயமே இல்லை. தையில் வைத்தாலும் அடுத்த தையில் வைத்தாலும் அன்றைக்கு உங்கள் அம்மா எங்கே நிற்கப்போகிறார் என்பதுதான் விஷயம். அதை யாரும் முன்கூட்டிப் பேசுவதில்லை. மண்டபத்தில் வைத்து, நேரம் நெருங்கின பிறகு, நாலு பேர் முன்னால்தான் அது கிளம்பும்.

எங்களுக்கு அது பத்திரிகையிலேயே கிளம்பியது, நல்லவேளை. அழைப்பிதழ் மாதிரியை அப்பா ஆவணியிலேயே வாங்கி வைத்திருந்தார். தன் பெயருக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த பி.காம். என்பதை நீலப் பேனாவால் அடித்துவிட்டு, ஓரத்தில் "மாப்பிள்ளை படிப்பு மட்டும் போதும்" என்று எழுதியிருந்தார். அதை எடுத்துக்கொண்டுதான் நானும் தம்பியும் அச்சகத்துக்குப் போனோம். அப்பா பெயருக்கு முன்னால் தெய்வத்திரு சேர்க்க வேண்டும் என்றதும் அச்சகக்காரர் அதைத் திருத்திவிட்டு, அப்படியானால் அழைப்பவர் இடத்தில் சித்தப்பா பெயரைப் போட்டுவிடுவோம், அதான் வழக்கம் என்றார். அவர் மேல் தப்பில்லை, தினம் நாலு பத்திரிகை அப்படித்தான் போடுகிறார். நாங்கள் அம்மா பெயரைப் போடச் சொன்னோம். பொம்பளை பேரில் பத்திரிகையா என்று பெரியம்மை முதற்கொண்டு பேசினார்கள், சித்தப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, தன் பங்குக்குப் பத்திரிகை வைக்கிற வேலையை எடுத்துக்கொண்டார். பேச்செல்லாம் சித்தப்பா கோபித்துக்கொள்வார் என்றுதான், அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்றதும் நின்றுவிட்டது.

கால்நாட்டு அன்றைக்குத்தான் சிக்கல். சுமங்கலிகள் சேர்ந்து பந்தக்காலுக்கு மஞ்சள், குங்குமம் வைக்கிற நேரம், அம்மா அடுக்களை நிலைக்கு உள்ளேயே நிற்கிறாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. அவளேதான் வரவில்லை. இதை ஆண்பிள்ளைகள் புரிந்துகொள்வது கொஞ்சம் கஷ்டம் என்று நினைக்கிறேன், தடுக்கிற ஆளே இல்லாவிட்டாலும் உள்ளே நிற்கிற பழக்கம் எங்கிருந்தோ வந்துவிடுகிறது. நான் கூப்பிட்டேன், தலையை ஆட்டிவிட்டாள். அப்பாவின் தங்கை, என் அத்தை, கையில் மஞ்சளோடு திரும்பிப் பார்த்து, "ஏ மதினி, அங்க என்னத்துக்கு நிக்க? உன் மக கூப்பிடுதா, ஊருக்காரியா கூப்பிடுதா, வா இங்க" என்றாள். அம்மா வந்தாள். மஞ்சளைத் தொடவில்லை, பக்கத்தில் நின்றாள்.

அன்று ராத்திரி அத்தை, நான், அம்மா மூன்று பேரும் உட்கார்ந்து பேசி முடித்தோம். மேடையில் நிற்கிறேன், ஊர்வலமாக ஆசீர்வாதம் வாங்கப்போகும் தாலித் தட்டை முதலில் நான் தொட்டுத் தருகிறேன், விளக்கேற்றவும் நலங்குக்கும் கூப்பிடாதே என்றாள் அம்மா. தாரை வார்க்கச் சித்தப்பாவும் சித்தியும். மறுநாளே தம்பி மாப்பிள்ளை வீட்டுக்குப் போன் பண்ணி இதை இப்படியே சொல்லிவிட்டான். அவர்களுக்கு ஆட்சேபணை ஏதும் இருந்ததோ என்னவோ, எங்களிடம் சொல்லவில்லை. எனக்கு விளக்கையும் அவள்தான் ஏற்ற வேண்டும் என்று ஆசை. இன்றைக்கும் உண்டு. ஆனால் அவள் எதுவரை வருவாள் என்பதை நான் என் கொள்கைக்காக முடிவு பண்ண முடியாது. அவளை மூலையில் உட்காரச் சொல்கிறவர்களும், புரட்சி என்று சொல்லி மேடைக்கு இழுக்கிறவர்களும் கடைசியில் அவளிடம் கேட்காமல்தான் செய்கிறார்கள். உங்கள் அம்மாவிடம் தனியாக உட்கார்ந்து கேளுங்கள், சொந்தக்காரர்கள் இருக்கும்போது கேட்டால் "எதுக்குப்பா எனக்கு" என்றுதான் வரும்.

பணம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், துக்கத்தில் இதெல்லாம் மறந்துபோகும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள், சான்றிதழில் பிரதிகள் கூடுதலாக எடுத்து வையுங்கள், கேட்காத இடமில்லை. கல்யாணத்துக்கென்று அப்பா போட்டிருந்த வைப்புத்தொகைக்கு அம்மாதான் நாமினி, அதனால் இறப்புச் சான்றிதழோடு வேலை முடிந்தது. நாமினி போடாத சேமிப்புக் கணக்குக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டார்கள், இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று அது சுற்றி வருவதற்குள் கல்யாணமே முடிந்துவிட்டது. மண்டபத்துக்குப் பாக்கி கொடுக்க அத்தையின் வளையல்தான் அடகுக்குப் போனது. அப்புறம் மீட்டுக் கொடுத்தோம்.

கடைசியாகத் திதி. வருஷத் திதி இங்கிலீஷ் தேதிப்படி வராது, அதே தமிழ் மாதத்தில் அதே பிறையில் அதே திதி என்று பார்க்க வேண்டும். என் தம்பி பெங்களூரில் வேலை பார்க்கிறான், அப்பா இறந்த தேதியை வைத்து லீவு போட்டுவிட்டான், பஞ்சாங்கத்தைப் பார்த்தால் திதி பத்துப் பதினோரு நாள் முந்தியே வருகிறது. அலறியடித்து லீவை மாற்றி, ராத்திரி பஸ்ஸில் வந்து, குறுக்குத்துறையில் தாமிரபரணியில் முங்கி எழுந்து திவசம் கொடுத்துவிட்டு, அன்று ராத்திரியே திரும்பிப் போனான். ஒருவகையில் எங்களுக்கு நல்லதாகவும் போயிற்று, புரட்டாசியிலேயே வருஷம் திரும்பிவிட்டதால் ஐப்பசியில் எனக்குத் தலைதீபாவளி தடையில்லாமல் நடந்தது. உங்கள் தங்கைக்கும் முகூர்த்தம் பார்க்கும்போது அடுத்த வருஷத் திதி எந்தத் தேதியில் விழுகிறது, தலைதீபாவளி அதற்கு முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் வந்தால் மாப்பிள்ளை வீட்டில் இப்போதே ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது, அப்போது போய்ச் சொன்னால் அதற்கு ஒரு பஞ்சாயத்து நடக்கும்.