ஆளுமைத் தேர்வு எழுதும்போதெல்லாம் வேறு வேறு முடிவு வருகிறதே, அதை நம்பலாமா?

நான்கு எழுத்தில் ஆளுமை சொல்லும் தேர்வை இரண்டு முறை எழுதியதாகவும், இரண்டிலும் வேறு வேறு முடிவு வந்ததாகவும், இதனால் நம்மை நாம் புரிந்துகொள்ள முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எனக்கும் இதேதான் நடந்தது. நான் உளவியல் படித்தவள் அல்ல, கணக்குப் பிரிவில் வேலை. முன்பு இருந்த அலுவலகத்தில் ஒரு பயிற்சி வகுப்பில் எம்.பி.டி.ஐ என்ற அந்த நான்கெழுத்துத் தேர்வின் பாணியில் ஒன்று வைத்தார்கள். முதல் எழுத்து 'ஐ', அதாவது அகமுகி, தனக்குள் ஒதுங்குபவள் என்று வந்தது. சில மாதம் கழித்து வீட்டில் எழுதினால் 'ஈ', அதாவது அதற்கு நேர் எதிரான புறமுகி. இடையில் நான் மாறவில்லை. ஆனால் அந்த முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்களிடம் பேசும் வேலை எனக்குச் சரிவராது என்று மேலாளர் முடிவு கட்டிவிட்டார். அந்த வருத்தம்தான் இதைப் பற்றித் தேடிப் படிக்க வைத்தது.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 165 செ.மீ.க்கு மேல் இருந்தால் 'நெட்டை', கீழே இருந்தால் 'குட்டை' என்று ஒரு கோடு போட்டால் 164 இருப்பவரும் 166 இருப்பவரும் எதிரெதிர் கட்சி ஆகிவிடுவார்கள். குணத்திலும் பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறோம். அங்கேயே கோடு போடுவதால் இரண்டு கேள்விக்குப் பதில் மாறினாலே எழுத்து புரண்டுவிடுகிறது. உளவியலாளர் யுங் 1921இல் எழுதிய கருத்துகளை வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மையர்ஸும் உருவாக்கியது எம்.பி.டி.ஐ. இருவரும் உளவியல் பயிற்சி பெற்றவர்கள் அல்லர்.

ஆராய்ச்சியாளர்கள் அதிகம் நம்புவது 'பிக் ஃபைவ்' முறையை. இதில் வகை கிடையாது, அளவுதான். புதியதை நாடுவது, பொறுப்பு, கலகலப்பு, இணக்கம், மனக்கலக்கம் என்று ஐந்து பண்புகள். இதன் வேர் எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு குணம் முக்கியம் என்றால் மக்கள் அதற்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். 1936இல் ஆல்போர்ட், ஓட்பெர்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் ஆங்கில அகராதியில் இருந்து கிட்டத்தட்ட 18,000 சொற்களைத் திரட்டினார்கள். பின்னால் வந்தவர்கள் அவற்றைச் சலித்துச் சலித்து, எவை சேர்ந்தே வருகின்றன என்று கணக்குப் போட்டதில் ஐந்து கொத்துகள் தேறின. நம் மொழியில் அமுக்குணி, வெகுளி, கறார், நெஞ்சழுத்தம் என்று எத்தனை இருக்கின்றன! 'அமுக்குணி' இந்த ஐந்தில் எதில் அடங்கும் என்று இன்றும் எனக்குப் பிடிபடவில்லை. பொலிவியாவின் சிமானே பழங்குடி மக்களிடம் இதே வினாக்களைக் கேட்டபோது ஐந்து கொத்துகள் தெளிவாக வரவில்லை என்று 2013இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. எனவே இதையும் வேதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் எழுதியது ஐ.பி.ஐ.பி என்ற பொதுச் சொத்தான வினாத் தொகுப்பில் இருந்து ஜான் ஜான்சன் என்பவர் அமைத்த 120 கேள்வித் தாள். இலவசம். ஐந்து பண்புக்கும் ஆறாறு உட்பிரிவு, ஒவ்வொன்றுக்கும் நான்கு கேள்வி. எல்லாவற்றுக்கும் 'ஆமாம்' போட்டுக்கொண்டே போகிறவர்களைச் சரிக்கட்ட, சில கேள்விகள் எதிர்ப்பொருளில் இருக்கும். முடிவில் வரும் எண்ணைத் தேர்வு மதிப்பெண்ணாக நினைத்துவிடாதீர்கள். 70 என்றால், உங்களோடு ஒப்பிட்ட கூட்டத்தில் நூற்றுக்கு 70 பேர் உங்களுக்குக் கீழே என்று பொருள். மனக்கலக்கத்தில் எனக்கு அதிகமாக வந்தது. அன்று இரவு நோய் வந்ததுபோலப் பயந்தேன். அது நோய் அல்ல. கவலை சீக்கிரம் தொற்றும் சுபாவம், அவ்வளவே.

தாளைத் திரும்பப் பார்த்தபோதுதான் விஷயமே புரிந்தது. 'என் அறையை அலங்கோலமாகப் போட்டு வைப்பேன்' என்ற வரிக்கு 'ஆமாம்' என்று போட்டிருந்தேன். யாரோடு ஒப்பிட்டு? பாயைக்கூட விளிம்பு பார்த்துச் சுருட்டும் என் அம்மாவோடு. விடுதித் தோழியை நினைத்திருந்தால் 'இல்லவே இல்லை' என்று போட்டிருப்பேன். தாள் நம்மை அளப்பதில்லை; நம்மைப் பற்றி நாம் சொன்னதைக் கூட்டிக் கொடுக்கிறது.

அதனால் அதே தாளை என்னைப் பற்றி நிரப்பித் தரச் சொல்லி அக்காவிடம் கொடுத்தேன். இதற்கு ஓர் அடிப்படையும் உண்டு. சிமின் வசீர் என்ற உளவியலாளர் 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, உள்ளே இருக்கும் பதற்றம் போன்றவற்றை நாமே நன்றாக அறிவோம். அறிவு, படைப்புத்திறன் போல நம் பெருமை சம்பந்தப்பட்டவற்றை நண்பர்கள் சரியாகக் கணிக்கிறார்கள். அக்கா என் கவலையைக் குறைவாகவே போட்டிருந்தாள். நான் மறைத்து வைத்திருப்பது அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் 'எளிதில் கோபப்படுவேன்' என்பதற்கு நான் 'இல்லை', அவள் 'மிகவும் சரி'.

"யாருகிட்டடி கோபப்பட மாட்டே? ஆபீஸ்லயா?" என்றாள்.

ஆமாம், அலுவலகத்தை நினைத்துத்தான் எழுதியிருக்கிறேன். அவள் வீட்டில் பார்ப்பதை எழுதியிருக்கிறாள். இரண்டுமே உண்மை. அன்று ஒரு மணி நேரம் பேசினோம். அப்பா இறந்த பிறகு இவ்வளவு மனம்விட்டுப் பேசியதில்லை.

முடிவுத் தாளில் வரும் வர்ணனை 'அப்படியே நான்தான்' என்று தோன்றினால் கொஞ்சம் நிதானியுங்கள். 1948இல் ஃபோரர் என்ற பேராசிரியர் 39 மாணவர்களுக்குத் தேர்வு வைத்து, எல்லோருக்கும் ஒரே வர்ணனையைக் கொடுத்தார். பெரும்பகுதி ஒரு ஜோசியப் புத்தகத்தில் இருந்து எடுத்தது. ஐந்துக்கு சராசரியாக நான்குக்கு மேல் போட்டு, தங்களுக்குப் பொருந்துகிறது என்றார்கள் மாணவர்கள்.

வேலைக்கோ கல்யாணத்துக்கோ ஆள் பொறுக்க இதை யாராவது உங்களிடம் நீட்டினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம், சாப்பாடு கெடும் அளவுக்கு மனம் சரியில்லை என்றால் தாளை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள். மற்றபடி தாராளமாக எழுதிப் பாருங்கள். ஒன்று மட்டும்: ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில், எந்த இடத்தில் இருக்கும் உங்களை, யாரோடு ஒப்பிட்டு எழுதினீர்கள் என்று பென்சிலில் குறித்து வையுங்கள். பிறகு அதே தாளை உங்களோடு வாழும் ஒருவரிடம் வெறுமையாகக் கொடுங்கள்.