பெயர்ந்து வரும் டிரைவ்வே: 15 சதவீதத் தள்ளுபடிக்காகப் பனிக்கு முன்பே போட்டுவிடலாமா?

கேள்வி: வணக்கம் சார். நாங்கள் இருப்பது வருஷத்தில் நாலைந்து மாதம் உறைபனி விழும் இடம். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கிய வீடு. வீட்டுக்கு வயது 18, வாசலில் வண்டி ஏறி வரும் காங்கிரீட் பாதைக்கும், அதாவது டிரைவ்வேக்கும், அதே வயதுதான். 16 அடி அகலம், 40 அடி நீளம், மொத்தம் எட்டுப் பலகைகள். மேல்தோல் பொருக்குப் பொருக்காக உரிகிறது. கராஜை ஒட்டிய இரண்டு பலகைகள் இரண்டு விரற்கடை இறங்கிவிட்டதால் தண்ணீர் தெருப்பக்கம் போகாமல் கராஜ் வாசலில் தேங்குகிறது. ஒரு கான்ட்ராக்டர் மொத்தத்தையும் உடைத்துப் புதிதாகப் போடச் சொல்கிறார். பனி தொடங்கும் முன் வேலை கொடுத்து, முழுப் பணத்தையும் முன்கூட்டியே கட்டினால் 15 சதவீதம் தள்ளுபடியாம். இன்னொருவர் பழையதன் மேலேயே ஒன்றரை அங்குலம் புதுக் காங்கிரீட் போட்டால் போதும், பாதிச் செலவில் முடியும் என்கிறார். கையில் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி இருக்கிறது. தள்ளுபடி போக வரும் தொகை எங்களுக்கு ஏறக்குறைய நான்கு மாதச் செலவு. மாதச் செலவில் பாதி அளவுக்கு மாதாமாதம் மிச்சம் பிடிக்க முடிகிறது. சேமிப்பை எடுப்பதா, லோன் போடுவதா? மனைவி ‘ஒன்றும் வேண்டாம், இன்னும் இரண்டு வருஷம் ஓட்டலாம்’ என்கிறார்.

பதில்: உங்கள் மனைவி சொல்வது முக்கால்வாசி சரி. ஒன்றும் செய்யாமல் இருக்கக் கூடாது, ஆனால் இந்தப் பனிக்கு முன் பெரிய செலவும் செய்யக் கூடாது. சேமிப்பா லோனா என்று கேட்கிறீர்கள், அதற்கு முன்னால் எந்த வேலைக்குப் பணம் கொடுக்கப் போகிறீர்கள் என்பதே இன்னும் முடிவாகவில்லையே.

நீங்கள் சொல்வது இரண்டு தனித்தனி வியாதி. மேல்தோல் உரிவது காங்கிரீட் கலவையும் பனி உருகத் தூவும் உப்பும் சம்பந்தப்பட்ட விஷயம், பலகை இறங்கியது அடியில் இருக்கும் மண்ணும் தண்ணீரும் சம்பந்தப்பட்டது. கான்ட்ராக்டர் இரண்டையும் ஒரே கொட்டேஷனில் கட்டித் தருகிறார், அதுதான் அவர் தொழில், அதில் தப்பில்லை.

முதலில் இறங்கிய பலகை. வீடு கட்டும்போது அஸ்திவாரத்துக்குத் தோண்டிய பள்ளத்தை மண் போட்டு மூடுவார்கள், அந்த மண்ணைச் சரியாகத் திமிசு போட்டு இறுக்காமல் விட்டிருந்தால் அது வருஷக்கணக்கில் மெல்ல அமுங்கும். அதனால்தான் பெரும்பாலான வீடுகளில் கராஜை ஒட்டிய பகுதி மட்டும் இறங்கும். கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் எங்கே கொட்டுகிறது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். நான் பார்த்த வீடுகளில் பாதிக்கு மேல் அந்தக் குழாய் சரியாக இறங்கிய பலகையின் மூலையில்தான் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். அதற்கு ஒரு நீட்டுக் குழாய் மாட்டி ஐந்தாறு அடி தள்ளித் தண்ணீரை விடுங்கள். கராஜ் தரைக்கும் பலகைக்கும் நடுவில் இருக்கும் சந்தை நெகிழும் சீலன்ட் வைத்து அடையுங்கள். சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள், அது முதல் குளிரிலேயே விட்டுவிடும். இந்த இரண்டும் ஒரு சனிக்கிழமை வேலை.

அப்புறம் ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு போய், பலகையின் மேல்மட்டம் கராஜ் சுவரில் எங்கே முட்டுகிறதோ அங்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதி வையுங்கள். கடுங்குளிரில் ஒரு தடவை, பனி உருகியதும் ஒரு தடவை பாருங்கள். பலகை கோட்டிலேயே இருந்தால் மண் அமுங்க வேண்டிய அளவு அமுங்கி முடிந்துவிட்டது என்று நம்பலாம். அப்படியானால் பலகையில் துளை போட்டு, அடியில் கலவையையோ நுரையையோ அழுத்திச் செலுத்தி மேலே தூக்கிவிடலாம், மொத்தமாக உடைத்துப் போடுவதற்கு ஆகும் செலவில் அது ஒரு சின்னப் பங்குதான். பலகை நொறுங்காமல் முழுசாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். மாறாக, குளிரில் எழும்பி உருகும்போது இறங்குகிறதென்றால், அடியில் ஈரம் பிடிக்கும் வண்டல் மண் உறைந்து பனிக்கட்டி அடுக்குகளாகத் தடித்துப் பலகையை நெம்புகிறது என்று அர்த்தம். அதை எந்த நுரையும் நிறுத்தாது. மண்ணைத் தோண்டி எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் வெளியேற வழி செய்துதான் ஆக வேண்டும். ஆக இந்த ஒரு குளிர்காலம் காத்திருப்பது சும்மா தள்ளிப்போடுவது இல்லை. எந்த வேலைக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதை அந்தப் பென்சில் கோடு இலவசமாகச் சொல்லப்போகிறது.

இனி தோல் உரிவது. தண்ணீர் உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் பருமன் கூடும். குளிர்ப் பிரதேசக் காங்கிரீட்டில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகளை வேண்டுமென்றே கலப்பது இதற்காகத்தான், உறையும் தண்ணீர் நெருக்கும்போது ஒதுங்க இடம் வேண்டும். குமிழி போதாமல் இருந்தாலோ, போட்ட அன்றைக்கு மேலே ஊறி நின்ற தண்ணீரோடு சேர்த்துத் தேய்த்து மெழுகியிருந்தாலோ மேல்பரப்பு பலவீனமாகிவிடும், பிறகு உப்பு போடப் போட உரியும். ஒரு சுத்தியலால் அங்கங்கே மெதுவாகத் தட்டிப் பாருங்கள். கணீர் என்று கேட்டால் உள்ளே நன்றாக இருக்கிறது, வெறும் தோல்தான் போயிருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்குமே தவிர வண்டிக்கு ஒன்றும் ஆகாது. பொக்கென்று கேட்டால், அல்லது பெரிய ஜல்லியே வெளியே தெரிந்து கழன்று வந்தால், அந்தப் பலகைக்கு ஆயுசு முடிகிறது. இந்த அழகுக் குறைக்காகக் கடன் வாங்குவதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன்.

பாதிச் செலவில் மேலே போடுகிறேன் என்பவரை விட்டுவிடுங்கள். பழைய பலவீனமான தோலின் மேல் ஒட்டிய மெல்லிய அடுக்கு ஒன்றிரண்டு குளிர்காலத்தில் பெயர்ந்து வரும், கீழே இருக்கும் விரிசல் அப்படியே மேலே வரும், அடியில் இருக்கும் மண்ணோ அப்படியேதான் இருக்கும். பிறகு இரண்டையும் சேர்த்து உடைக்க வேண்டும். மலிவு மாதிரி தெரிந்தாலும் இதுதான் எல்லாவற்றிலும் அதிகச் செலவு.

சரி, 15 சதவீதத் தள்ளுபடி. கான்ட்ராக்டர்கள் பனிக்கு முன் தள்ளுபடி தருவது ஆட்களுக்கு வேலை ஓட்டத்தான், ஆனால் அந்த நேரத்தில் போடும் காங்கிரீட்டின் ரிஸ்க் முழுக்க உங்களுடையது. 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் அது இறுகுவது ரொம்ப மந்தமாகிவிடும், போட்ட முதல் ஒன்றிரண்டு நாளில் உறைந்தால் அதோடு போச்சு, பிற்பாடு எவ்வளவு நாள் ஈரம் காத்துக் கியூரிங் செய்தாலும் முழு பலம் வராது. உறைந்த மண்ணின் மேல் போடவே கூடாது. நன்றாகப் போட்டதுகூட ஒரு மாதமாவது காய்ந்து முதல் உறைபனியைப் பார்ப்பது நல்லது. முழுப் பணத்தையும் முன்பே வாங்கிக்கொண்டவருக்கு வெப்பநிலை இறங்கும் ராத்திரியில் வந்து காங்கிரீட் உறையாமல் கம்பளி போர்த்த என்ன அவசரம்?

கணக்காகவும் பாருங்கள். முழு விலையை 100 என்று வைத்துக்கொண்டால் தள்ளுபடி போக 85. அதை 12 சதவீத வட்டியில் ஐந்து வருஷ லோனாக எடுத்தால் திருப்பிக் கட்டுவது 113க்கு மேல். தள்ளுபடி எங்கே போயிற்று? சேமிப்பிலிருந்து கொடுத்தால் வட்டி இல்லை, ஆனால் ஆறு மாதப் பாதுகாப்பு இரண்டு மாதமாகச் சுருங்குகிறது, அதுவும் குளிர்காலத்துக்குள் நுழையும்போது, ஹீட்டர் பழுதாவதற்கென்றே இருக்கும் சீசனில். மாறாக எட்டு மாதம் பொறுத்துக் கோடைத் தொடக்கத்தில் போட்டால் தள்ளுபடி இல்லாத விலை உங்களுக்கு 4.7 மாதச் செலவு, அதற்குள் நான்கு மாதச் செலவு சேர்ந்திருக்கும், அவசர நிதியிலிருந்து எடுப்பது முக்கால் மாதத்துக்கும் குறைவு. பென்சில் கோடு நல்ல சேதி சொன்னால் அவ்வளவும் தேவைப்படாது. கான்ட்ராக்டரே தரும் ‘வட்டியில்லாத் தவணை’ என்றால், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேளுங்கள், வட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மொத்தமாகத்தான் மாற்ற வேண்டும் என்று ஆனால், காசை எங்கே கொட்ட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும் என்று சொல்கிறேன். கொட்ட வேண்டியது கண்ணுக்குத் தெரியாத இடத்தில். இறுக்கிப் போட்ட ஜல்லிப் படுகை குறைந்தது 6 அங்குலமாவது வேண்டும், மண் மோசமென்றால் இன்னும் ஆழம். அதன் மேல் போடும் பலகையின் கனம் 4 அங்குலத்திலிருந்து 5 ஆனால் உங்கள் அளவுக்குக் காங்கிரீட் சுமார் 6 கன மீட்டரிலிருந்து 7.5 ஆகும், அதாவது கால் பங்கு கூடுதல், ஆனால் வளைவைத் தாங்கும் பலம் கனத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால் ஒன்றரை மடங்குக்கு மேல் போய்விடும். உடைப்பது, தோண்டுவது, கூலி எல்லாம் அப்படியே இருப்பதால் மொத்த பில்லில் ஏறுவது கால் பங்கைவிட ரொம்பக் குறைவு. இந்த வேலையிலேயே இதைவிட லாபமான செலவு இல்லை. கலவைக்கு 32 மெகாபாஸ்கல் பலம், தண்ணீர்-சிமெண்ட் விகிதம் 0.45க்கு மேல் போகாமல், காற்று 5 முதல் 8 சதவீதம் என்று எழுதி வாங்குங்கள். விரிசல் கண்டபடி ஓடாமல் கோட்டில் விழுவதற்காக வெட்டும் ஜாயின்ட் 8 முதல் 10 அடிக்கு ஒன்று, கனத்தில் கால் பங்கு ஆழம். வாட்டம் வீட்டைவிட்டு வெளியே, அடிக்குக் கால் அங்குலம் என்றால் நிம்மதி. கம்பி வலை போடுகிறேன் என்றால் அது காங்கிரீட்டின் நடுவில் நிற்க வேண்டும், ஜல்லியின் மேல் படுத்துக்கிடந்தால் தண்டச் செலவு. இறுக்க வேண்டியது கலர், டிசைன் அச்சு, பளபள பூச்சு. துடைப்பம் இழுத்த சொரசொரப்பே போதும், பனியில் வழுக்காது.

என் சொந்த வீட்டில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். காங்கிரீட் போட்ட அன்றைக்கு, ஆட்களுக்குப் பரப்ப ஈசியாக இருக்கட்டும் என்று லாரி டிரைவர் ஹோஸ் பைப்பைக் கலவைக்குள் விட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டார், நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன், எவ்வளவு அழகாக ஓடுகிறது என்றுகூட நினைத்தேன். இரண்டாவது குளிர்காலத்தில் அப்பளம் மாதிரி உரிந்தது. அன்றைக்கு டெலிவரி சீட்டு வாங்கி வைத்திருந்தால் கலவை என்ன, எவ்வளவு தண்ணீர் சேர்த்தார்கள் என்று காட்டிச் சண்டையாவது போட்டிருக்கலாம். நீங்கள் அந்தச் சீட்டைக் கையோடு வாங்கிவிடுங்கள். பணத்தையும் பிரித்துக் கொடுங்கள்: சின்ன அட்வான்ஸ், ஜல்லிப் படுகையைக் கண்ணால் பார்த்தபின் ஒரு பங்கு, போட்டு முடித்து ஜாயின்ட் வெட்டியபின் பெரும் பங்கு, ஒரு பத்து சதவீதத்தைக் கடைசிவரை கையில் வையுங்கள். விரிசலுக்கு யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள், அதில் மல்லுக்கட்ட வேண்டாம். மேல்தோல் உரிவதற்கு இரண்டு குளிர்காலம் உத்தரவாதம் என்று எழுதித் தருவாரா என்று கேளுங்கள். அவர் முகம் போகும் போக்கிலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

தார் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். ஆரம்பச் செலவு குறைவு, மண் ஆட்டத்துக்குக் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், ஆனால் சில வருஷத்துக்கு ஒரு தடவை மேல்பூச்சு வேண்டும், ஆயுசும் குறைவு. நாலைந்து வருஷத்தில் வீட்டை விற்கும் எண்ணமிருந்தால் யோசிக்கலாம், இல்லாவிட்டால் காங்கிரீட்டே சரி. விற்கும்போது டிரைவ்வேக்குப் போட்ட காசு முழுசாகத் திரும்பி வரும் என்று எதற்கும் கணக்கு வைக்காதீர்கள்.

இந்தக் குளிருக்கு உப்பைக் குறைத்து மணல் தூவுங்கள். புதிதாகப் போட்டால் முதல் குளிர்காலம் உப்பே கூடாது, அம்மோனியம் சல்பேட், அம்மோனியம் நைட்ரேட் கலந்த உரத்தைப் பனி உருக்கத் தூவுவது எப்போதும் கூடாது, அது காங்கிரீட்டையே தின்னும்.

கடைசியில் இரண்டு பலகை மட்டும் மாற்றினால் போதும் என்று ஆனால், ஜாயின்டில் வெட்டி அந்த இரண்டை மட்டும் எடுக்கலாம். கலர் ஒத்துப்போகாது, போகட்டும். ஆனால் அதற்குத் தேவை இரண்டு கன மீட்டருக்கும் குறைவு, முழு லாரி பிடிக்காத சின்ன லோடுக்கு ரெடிமிக்ஸ்காரர்கள் தனிக் கட்டணம் போடுவார்கள். பக்கத்து வீட்டிலும் ஒரு பலகை மாற்றவேண்டி இருக்கிறதா என்று குளிர்காலத்திலேயே விசாரித்து வையுங்கள், இரண்டு வீட்டுக்கும் ஒரே நாளில் ஒரே லாரி வந்தால் அந்தக் கட்டணம் மிச்சம்.