வெறும் சொல்லை மட்டும் அனுப்பாதீர்கள்

இந்த முறை ஆங்கிலம், உருதுச் சொற்கள் பற்றி வந்த கேள்விகளில் பாதி ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம். வீட்டில் உருது, கடைத்தெருவில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம் என்று இருக்கிற ஊர்கள், கேள்வி வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உருது பேசும் பிள்ளைகள் 'இஸ்கூல்' என்கிறார்கள். எப்படித் திருத்துவது?

உருதுவில் அதை எழுதுவதே முன்னால் ஓர் அலிஃப் (உருதுவின் முதல் எழுத்து) போட்டுத்தான், இஸ்டேஷனும் அப்படியே. நம் பாட்டிகள் மட்டும் என்ன சொன்னார்களாம்? 'ஸ்ஸ்ஸ்' என்று இழுக்கச் சொல்லி, அப்புறம் 'கூல்' சேர்க்கச் சொல்லுங்கள். அடிக்காதீர்கள்.

ஆங்கிலத்தில் சுகமான வேலையைக் 'குஷி ஜாப்' என்கிறார்களே, நம் குஷிதானா?

அதேதான். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டுபோனது.

இன்ட்ரெஸ்ட் என்றால் உருதுவில் என்ன?

கடிதமே இவ்வளவுதான். எந்த வாக்கியத்தில் பார்த்தீர்கள், யாருக்கு எழுதப் போகிறீர்கள், ஒன்றும் கிடையாது. பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன், வாக்கியத்தோடு அனுப்புங்கள் என்று. தமிழில் வட்டி, ஆர்வம், நலன் என்று மூன்று இருக்கிற மாதிரியே உருதுவிலும் மூன்று: ஸூத், தில்ச்சஸ்பி, மஃபாத். ஒரு கடைக்காரர் 'வேலையில் இன்ட்ரெஸ்ட் உள்ளவர்கள் வரவும்' என்பதை ஏதோ ஆப்பில் போட்டு, வந்த உருதுவை அப்படியே அச்சடித்து ஒட்டிவிட்டார், 'ஸூத் உள்ளவர்கள் வரவும்' என்று. வட்டி ஹராம் என்று நினைக்கிற தெருவில்! இரண்டு நாள் யாரும் உள்ளே வரவில்லை, மூன்றாம் நாள் ஒரு பெரியவர் வந்து கிழித்துப் போட்டார்.

ஆங்கிலத்தில் பின்னால் வரும் சிறு சொல்லைப் பாருங்கள். 'இன்' வந்தால் பெரும்பாலும் தில்ச்சஸ்பி, கடனோடு 'ஆன்' வந்தால் ஸூத். நாட்டு நலன் என்றால் கௌமி மஃபாத்; ஃபாய்தா (பயன்), முஃபீத் (பயனுள்ள) எல்லாம் இந்த மஃபாத்தின் உறவுக்காரர்கள். கூட்டு வட்டி 'ஸூத் தர் ஸூத்', நம் வட்டிக்கு வட்டி மாதிரியே. ஆனால் பாரசீகத்தில் ஸூத் என்றால் லாபம், அதனால்தான் உருதுவில் 'பேஸூத்' என்றால் வட்டியில்லாதது அல்ல, பயனில்லாதது. இதையும் ஆப் சொல்லாது.

உருதுவில் 'கல்' என்றால் நேற்றா நாளையா?

இரண்டும். வினைச்சொல் காட்டிக்கொடுக்கும். 'பர்ஸோன்' கூட அப்படித்தான், முந்தாநாளும் அதுவே, நாளை மறுநாளும் அதுவே. ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வினையைப் பாருங்கள், இல்லையென்றால் 'நேற்று வருவேன்' என்று ஆகிவிடும்.

'கஸின் பிரதர்' என்று எழுதலாமா? உருதுவில் ஒரே சொல் சொல்லுங்கள்.

ஆங்கிலத்தில் கஸின் போதும், பிரதர் நாம் ஒட்டியது. உருதுவில் ஒரே சொல்லா? சச்சா (சித்தப்பா), பூப்பி (அத்தை), மாமூ (மாமா), காலா (அம்மாவின் சகோதரி) என்று நான்கு வழி, ஒவ்வொன்றிலும் பாயி (சகோதரன்), பஹன் (சகோதரி), ஆக எட்டு. இப்போதெல்லாம் பேச்சில் 'கஸன்' என்றே சொல்லிவிடுகிறார்கள், கல்யாணப் பத்திரிகைக்கு அது ஆகாது. நமக்கும் சித்தப்பா மகன் அண்ணன் தம்பி, மாமா மகன் முறைப்பையன் இல்லையா? எட்டில் எது என்று நீங்கள் எழுதவில்லை. திரும்ப அனுப்புங்கள், வாக்கியத்தோடு.