சினிமா படிப்புக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: மகன் பிளஸ் டூ முடித்துவிட்டான். தனியார் கல்லூரியில் சினிமா டைரக்‌ஷன் படிக்க ஆசைப்படுகிறான். நான்கு வருடத்துக்கு 6 லட்சம் கல்விக் கடன் வாங்கலாமா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: கடன் 6 லட்சத்தோடு நிற்காது, அம்மா. வருடத்துக்கு 1.5 லட்சம், 10 சதவீத வட்டி என்று வையுங்கள். படிப்புக் காலமும் அதற்குப்பின் ஒரு வருட அவகாசமும் முடியும்போது தனிவட்டியே 2.1 லட்சம் சேர்ந்திருக்கும். 8.1 லட்சத்தை 7 வருடத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 13,450 ரூபாய். முதல் வருடம் மாத வட்டி 1,250 ரூபாய்தான். ஒவ்வொரு வருட வட்டியையும் அப்போதைக்கப்போதே கட்டிவந்தால் இந்தச் சுமை பெருமளவு குறையும்.

வரவைப் பாருங்கள். உதவி இயக்குநருக்கு மாதம் 20,000 கிடைத்தாலும், வேலை வருடத்தில் 7 மாதம்தான் என்றால் சராசரி 11,667. தவணைக்கே போதாது, சென்னை அறை வாடகை வேறு. காட்பாடியிலிருந்து ரயிலில் போய்வரலாம் என்று நினைக்காதீர்கள், படப்பிடிப்பு விடியற்காலையிலேயே தொடங்கிவிடும்.

முதலில் தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. எடிட்டிங், ஒலிப்பதிவு இரண்டையும் யோசிக்கட்டும். எடிட்டிங் தெரிந்தால் படமில்லாத மாதங்களில் வேலூரிலேயே கல்யாண வீடியோ வேலை கிடைக்கும்.

தனியார்தான் என்றால், பணம் கட்டுமுன் ஒரு கேமராவுக்கு எத்தனை மாணவர்கள், இறுதியாண்டுக் குறும்படச் செலவு யாருடையது என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பல குடும்பங்கள் இந்தக் கடைசிச் செலவில்தான் தடுமாறுகின்றன.