வேலூர் சென்ட்ரல் ஜெயில்ல இருக்கற தம்பிக்கு பெங்களூர்ல இருந்து பணம் அனுப்பறது எப்படி?

தம்பி ரிமாண்ட்ல (விசாரணைக் கைதியா) தொரப்பாடி ஜெயில்ல கீறான், உங்களுக்கு லீவு கிடைக்கல, யாரோ ஒருத்தர் ஃபோன் பண்ணி "எனக்கு ஜிபே பண்ணிடுங்க, நான் உள்ள சேத்துடறேன்"னு சொல்றார், நம்பலாமான்னு கேட்டிருக்கீங்க. நம்பாதீங்க. அவர் வக்கீல் குமாஸ்தாவா இருந்தாலும் சரி, உள்ள எல்லாரையும் தெரியும்னு சொல்ற ஆளா இருந்தாலும் சரி, அந்தத் துட்டு போய் சேந்துச்சுன்னு உங்களால ஒரு ரசீது கூட காட்ட முடியாது.

எங்க சித்தப்பா பையன் உள்ள இருந்தப்ப குடியாத்தத்துல இருந்து மனு பாக்க (மனு குடுத்துட்டு அவன நேர்ல பாக்க) போனது, பணம் கட்டினது எல்லாம் நான்தான், அந்த அனுபவத்துல சொல்றேன். உள்ள யார் கையிலயும் ரொக்கம் வச்சிக்க விடமாட்டாங்க. அவங்கவங்க பேர்ல ஆபீஸ்ல ஒரு கணக்கு இருக்கும், வெளிய இருந்து வர்றத அதுல வரவு வச்சிட்டு, சோப்பு, பிஸ்கட்னு கேன்டீன்ல வாங்க வாங்க கழிச்சிக்குவாங்க. தண்டனை கைதின்னா உள்ள ஷூ தைக்கற மாதிரி வேலை செஞ்சி கூலி வரும் (போலீஸ்காரங்க போடற ஷூ நம்ம வேலூர் ஜெயில்லயும் தைக்கறாங்க), ஆனா ரிமாண்ட் பசங்களுக்கு அந்த வருமானம் இல்ல, வீட்ல இருந்து வர்றதுதான்.

நீங்க வர முடியாதுன்னா மணியார்டர் போடுங்க. அதெல்லாம் இன்னுமா இருக்குன்னு சிரிக்காதீங்க, 2013ல மூடினது தந்தியத்தான், மணியார்டர் இப்ப இ-மணியார்டரா ஓடுது. பெங்களூர்ல எந்த போஸ்ட் ஆபீஸ் கவுன்டர்ல வேணா கட்டலாம், ஒரு தடவைக்கு 5000 ரூபாய் வரைக்கும், கமிஷன் 20 ரூபாய்க்கு 1 ரூபாய், அதாவது ஆயிரம் அனுப்பினா அம்பது ரூபா அவங்களுக்கு. கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா கையில ரசீது இருக்கும். அட்ரஸ்தான் முக்கியம். தம்பி பேரு, அப்பா பேரு, கைதி நம்பர், மத்திய சிறை, தொரப்பாடி, வேலூர் 632002. ஒரே பேர்ல உள்ள நாலு பேராவது இருப்பாங்க, அதனால அப்பா பேரும் நம்பரும் இல்லாம அனுப்பாதீங்க, நம்பர வக்கீல்கிட்ட கேளுங்க, இல்ல மனு பாத்துட்டு வந்தவங்ககிட்ட கேளுங்க. இன்னொண்ணு, புடிச்ச உடனே சில பேர மொதல்ல கிளைச் சிறைல (சப் ஜெயில்ல) வச்சிட்டு அப்புறம்தான் சென்ட்ரலுக்கு மாத்துவாங்க, அதனால இன்னிக்கு எங்க கீறான்னு கேட்டுட்டு அப்புறம் போஸ்ட் ஆபீஸ் போங்க. பொம்பளைங்கன்னா பக்கத்துல பெண்கள் தனிச்சிறை, அது வேற அட்ரஸ்.

ஊர்ல இருந்து யாராவது மனு பாக்க போறாங்கன்னா இன்னும் சுலபம், அங்கயே ஆபீஸ்ல கட்டிட்டு ரசீது வாங்கிட்டு வரச்சொல்லுங்க. ஆதார் மறக்காம எடுத்துட்டு போவட்டும். பழத்துக்குள்ள நோட்டு சுருட்டி வைக்கறது, துணி மடிப்புல வச்சி தைக்கறதுன்னு ஐடியா குடுக்கறதுக்குன்னே சொந்தத்துல ஒரு மாமா இருப்பாரு, கேக்காதீங்க, 1894 சிறைச் சட்டம் 42வது பிரிவுல அது கேஸ், பாக்க போன ஆளும் உள்ள போக வேண்டியதுதான்.

மொத்தமா பெரிய தொகை போடாதீங்க. கேன்டீன்ல வாங்கறதுக்கு ஒரு வரம்பு இருக்கு, அதுக்கு மேல போட்டது சும்மா கணக்குல கெடக்கும், வெளிய வரசொல்லோதான் கைக்கு வரும். அதோட நெறைய வருதுன்னு தெரிஞ்சா கூட இருக்கறவனுங்க இவன சும்மா விடுவானுங்களா? மாசாமாசம் கொஞ்சமா அனுப்புங்க.

மிச்சத்த பெயிலுக்கு வச்சிக்கோங்க. பெயில் ஆர்டர் வந்தும் பணம் கட்ட வழியில்லாம நிக்கற ஏழைங்களுக்கு மத்திய அரசு திட்டம் ஒண்ணு இருக்கு, விசாரணைக் கைதிக்கும் உண்டு, ஆனா எல்லா கேஸுக்கும் கிடைக்காது. வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்ல, இலவச சட்ட உதவி குடுக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுல கேளுங்க, இல்ல அவங்க 15100 நம்பருக்கு ஃபோன் போடுங்க, வக்கீலுக்கும் காசு வாங்க மாட்டாங்க.