8 மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கிறது, கூடவே பேதியும் லேசான காய்ச்சலும் இருக்கிறது. பல்லினால்தானா? பல் துலக்க எப்போது ஆரம்பிப்பது?

பேதியையும் காய்ச்சலையும் பல்லின் தலையில் கட்டாதீர்கள். நான் கட்டிவிட்டு அவதிப்பட்டவள்.

பெரியவனுக்கு ஏழாம் மாதம் கீழ் ஈறு வீங்கி, வெள்ளையாக ஒரு கோடு தெரிந்தது. ஜொள்ளு ஒழுகி ஒரு நாளைக்கு நாலு சட்டை மாற்றினோம். அதே வாரம் தண்ணியாகப் பேதி. "பல் பேதிம்மா, எல்லாப் பிள்ளைக்கும் போறதுதான்" என்றார் மாமியார். இரண்டு நாள் சும்மா இருந்தோம். மூன்றாம் நாள் காலை வரை சிறுநீரில் துணி நனையவே இல்லை. அழுகிறான், கண்ணில் தண்ணீர் வரவில்லை. அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

6 மாதம் ஆகும்போது தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இணை உணவு ஆரம்பிக்கிறோம். குழந்தை தவழ்ந்து போய்க் கையில் அகப்பட்டதையெல்லாம் வாயில் வைக்கிறது. பல் முளைப்பதும் அதே மாதங்களில்தான், அதனால் பழி அதன் மேல் விழுகிறது. பல்லால் வருவது ஈறு வீக்கம், ஜொள்ளு, நைநை என்று அழுகை, கொஞ்சம் தூக்கக் கேடு, அவ்வளவே. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல் என்றால் காரணம் வேறு. தண்ணியாகப் போனால் முதல் நாளே ஓஆர்எஸ் கொடுங்கள், தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். துத்தநாக (ஜிங்க்) மருந்து எழுதிக் கொடுத்தால் பேதி நின்ற பிறகும் 14 நாள் முழுக்கக் கொடுக்க வேண்டும்.

ஈறு அரிப்புக்குச் சுத்தமான துணியை நனைத்து, ஃபிரிட்ஜில் (ஃப்ரீஸரில் அல்ல) வைத்துக் கடிக்கக் கொடுத்தேன், போதுமாக இருந்தது. கேரட் துண்டு வேண்டாம், உடைந்து தொண்டையில் அடைக்கும். ஒரு வயதுக்குள் தேன் தடவவே கூடாது. மரத்துப்போக வைக்கும் ஜெல்லும் வேண்டாம். அதில் பென்சோகெய்ன் என்ற மருந்து இருந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனே குறையலாம் என்பதால், 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் போடக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018இல் எச்சரித்தது.

துலக்குவது முதல் பல் எட்டிப் பார்த்த அன்றே. இதிலும் நான் கோட்டைவிட்டேன். ராத்திரி சர்க்கரை போட்ட பால் பாட்டிலோடு தூங்கப் பழக்கிவிட்டோம். ஒன்றரை வயதில் ஒருநாள் அவன் சிரிக்கும்போது மேல்வரிசை முன்பற்களில், ஈறை ஒட்டி, சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைக் கோடு. பால் கறை என்று நினைத்துத் துணியால் துடைத்தேன், போகவில்லை. அது சொத்தையின் ஆரம்பம். கீழ்ப்பற்களை நாக்கு ஓரளவு மூடிக்கொள்ளும். தூக்கத்தில் உமிழ்நீரும் குறைவு, அதனால் பால் தேங்கி மேல் பற்களைத்தான் முதலில் அரிக்கும். "விழுற பல்லுக்கு எதுக்கு வைத்தியம்?" என்று வீட்டில் கேட்டார்கள். முன்பல் 6, 7 வயதில் விழும், சரி. கடைவாய்ப் பால்பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டுமே.

3 வயது வரை அரிசி மணி அளவு ஃப்ளூரைடு பேஸ்ட், பிறகு பட்டாணி அளவு. குழந்தைகள் பேஸ்ட் என்று விற்பதில் பலவற்றில் ஃப்ளூரைடே கிடையாது, அட்டையைப் படித்து வாங்குங்கள். எங்கள் தருமபுரி மாவட்டம் மாதிரி நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகமுள்ள ஊர், போர்வெல் தண்ணீர்தான் குடிக்கிறீர்கள் என்றால், பல் டாக்டரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். எப்படியும் ஒரு வயதுக்குள் ஒருமுறை அவரிடம் காட்டிவிடுவது நல்லது.

சின்னவளுக்கு மேல்பல் முதலில் வந்தது. தாய்மாமனுக்கு ஆகாது என்று ஒரு பாட்டி முகம் சுளித்தார். என் தம்பி நன்றாகத்தான் இருக்கிறான். அவளை மடியில் தலை வைத்துப் படுக்கப் போட்டு, மேலுதட்டைத் தூக்கித் துலக்குகிறேன். முதலில் பிரஷைப் பிடுங்கிக் கடித்துக்கொண்டே இருந்தாள். இப்போது இரண்டு பிரஷ். ஒன்று அவள் கடிக்க, ஒன்று நான் துலக்க.