குமுளி ஏற்றமும் கீழ்முதுகும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தேனி மாவட்டத்துக் கூடலூரில் உரக்கடை வைத்திருக்கிறேன். வயது 43. ஞாயிற்றுக்கிழமைகளில் மலையடிவாரத்து லோயர் கேம்ப் வழியாகக் குமுளிக்குச் சைக்கிளில் ஏறி இறங்குவது சில ஆண்டுப் பழக்கம். கால்கள் களைப்பதில்லை, மூச்சும் தாங்குகிறது. ஆனால் மலைப்பாதையில் பாதி ஏறியதுமே கீழ்முதுகு இறுகி வலிக்கத் தொடங்கிவிடுகிறது. இறங்கும்போது இடக்கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகின்றன. ஜிம்மில் கேட்டபோது, கோர், அதாவது நடுவுடல் தசைகள், பலவீனமாக இருக்கிறது என்று சொல்லித் தினமும் நூறு சிட்-அப் (மல்லாந்து படுத்து, எழுந்து உட்காரும் பயிற்சி) எடுக்கச் சொன்னார்கள். ஒரு மாதமாகச் செய்கிறேன். வயிறு கொஞ்சம் இறுகியிருக்கிறது, முதுகுவலியோ கூடியிருக்கிறது. சைக்கிள் ஓட்டுபவனுக்குக் கோர் பயிற்சி உண்மையிலேயே தேவையா? தேவையென்றால் எதைச் செய்வது?

கே., கூடலூர்

அன்புள்ள கே. அவர்களுக்கு,

தேவைதான். ஆனால் நீங்கள் இப்போது செய்துகொண்டிருப்பது உங்களுக்கு வேண்டிய பயிற்சி அல்ல. சிட்-அப்பை இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். காலால் பெடலை அழுத்தும்போது, அந்த அழுத்தத்துக்கு ஊன்றுகோலாக இருப்பது சீட்டின் மேல் அமர்ந்திருக்கும் இடுப்பெலும்பு. அது அசையாமல் நின்றால்தான் காலின் விசை முழுவதும் கீழே இறங்கும். சேற்றில் நின்றுகொண்டு வண்டியைத் தள்ளுபவனுக்குக் கைவலிமை எவ்வளவு இருந்தாலும் கால் வழுக்குவதைப் போல, இடுப்பு ஆடினால் தொடையின் வலிமை வீணாகிறது. அந்த இடுப்பை நிறுத்திப் பிடிப்பவை அடிவயிற்றின் ஆழத்தில் குறுக்காக ஓடும் தசை, விலாப்புறத்துச் சாய்தசைகள், முதுகெலும்புக் கணுக்களை ஒட்டிய சிறு தசைகள், பிட்டத் தசைகள் ஆகியவை. மேலே உதரவிதானமும் கீழே இடுப்புத்தளத் தசைகளும் இவற்றோடு சேர்ந்து வேலை செய்கின்றன. கோர் என்று சொல்வது இவை அனைத்தையும் சேர்த்துத்தான். கண்ணாடியில் தெரியும் வயிற்றுக் கட்டுகள் இதில் ஒரு சிறு பகுதி மட்டுமே.

இந்தத் தசைகளுக்குச் சைக்கிளில் உள்ள வேலை, வளைந்து நிமிர்வது அல்ல, வளையாமல் பிடிப்பது. சிட்-அப் பழக்குவதோ முன்பக்கம் வளைவதை. மணிக்கணக்கில் குனிந்து ஓட்டுகிற ஒருவர், வீட்டுக்கு வந்து அதே முதுகை நூறு முறை மீண்டும் வளைக்கிறார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பின் இயக்கவியலை நெடுங்காலம் ஆராய்ந்த ஸ்டூவர்ட் மெக்கில், ஒரு சாதாரண சிட்-அப் கீழ்முதுகின் மேல் ஏறத்தாழ 3,300 நியூட்டன் அழுத்தத்தை ஏற்றுகிறது என்று கணக்கிட்டார். கிட்டத்தட்ட 330 கிலோ எடையின் அழுத்தம் அது. வலி இல்லாத இளைஞர் சிலர் அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஏற்கெனவே வலிக்கும் முதுகுக்கு, அதுவும் இரவில் படுத்து, முதுகெலும்புக் கணுக்களுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரேறி உப்பியிருக்கும் விடியற்காலையில், அதைக் கொடுப்பது தவறு.

பயிற்சிக்குப் போவதற்கு முன் சைக்கிளைப் பாருங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், சீட் தேவைக்கு மேல் உயரமாக இருந்தாலும் இடுப்பு இருபுறமும் ஆடும், முதுகு வலிக்கும், பார்ப்பவர்களுக்கு அது கோர் பலவீனம் போலவே தோன்றும் என்பதுதான். வேறொருவர் ஓட்டும் இருசக்கர வாகனத்தில் நண்பர் ஒருவரைப் பின்னால் அமர்த்தி, லோயர் கேம்ப்பைத் தாண்டிய ஏற்றத்தில் உங்களைப் பின்னாலிருந்து கைப்பேசியில் படம் எடுக்கச் சொல்லுங்கள். வேலைநாள் காலைகளில் வேண்டாம், ஏலத்தோட்டங்களுக்கு ஆளேற்றிச் செல்லும் ஜீப்புகள் வரிசையாக ஏறும் நேரம் அது. படத்தில் உங்கள் சட்டையின் கீழ்விளிம்பை மட்டும் கவனியுங்கள். ஏறத் தொடங்கியதிலிருந்தே ஒவ்வொரு மிதிக்கும் அது இடமும் வலமுமாகச் சாய்ந்தால் சீட்டின் உயரம் அதிகம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்காலில் 25 முதல் 35 பாகை வரை மடிப்பு இருக்கும்படி சீட்டைச் சில மில்லிமீட்டர் இறக்குங்கள். முதல் இரண்டு கிலோமீட்டர் நேராக இருந்து, பாதி வழியில் சாயத் தொடங்கினால், களைத்துப்போவது தசை. அப்போதுதான் கோர் பயிற்சி உங்களுக்கு மருந்து.

சீட்டின் சாய்வும் உண்டு. 1999-இல் இஸ்ரேலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வொன்றில், பொழுதுபோக்காகச் சைக்கிள் ஓட்டுபவர்களின் சீட் முன்நுனியை 10 முதல் 15 பாகை வரை கீழே சாய்த்தபோது பெரும்பாலோருக்குக் கீழ்முதுகு வலி குறைந்தது. ஆனால் உங்களுக்கு நான் அவ்வளவு சாய்க்கச் சொல்லமாட்டேன். குமுளியிலிருந்து இறங்கும்போது உடல் முன்னே சரிந்து, எடை முழுவதும் உள்ளங்கையில் விழும். உங்கள் விரல்கள் இப்போதே மரத்துப்போகின்றன. முழங்கையிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக உள்ளங்கைக்குள் வரும் அல்நார் நரம்பு ஹேண்டில்பாரில் அழுந்துவதால் வரும் மரப்பு அது. இரண்டு மூன்று பாகையில் தொடங்கி, கையின் நிலையையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு முடிவு செய்யுங்கள். இறக்கத்தில் இரு பெடல்களையும் கிடைமட்டமாக வைத்து, எடையைப் பாதங்களுக்குக் கொடுத்து, முழங்கையைச் சற்றே மடித்து வையுங்கள். நடுவுடல் தாங்கினால் கை வெறுமனே திருப்பவும் பிரேக் பிடிக்கவும் மட்டும் பயன்படும்.

இனிப் பயிற்சி. மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளில் இரண்டை உங்களுக்குத் தேர்ந்தெடுக்கிறேன். முதலாவது பேர்ட் டாக். பாய் விரித்து, கையையும் முழங்காலையும் ஊன்றி நில்லுங்கள். வலக்கையை முன்னும் இடக்காலைப் பின்னும் நீட்டுங்கள். காலை இடுப்பின் மட்டத்துக்கு மேல் உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் கீழ்முதுகு குழிந்து, பயிற்சியின் நோக்கமே கெட்டுவிடும். முதுகின் மேல் ஒரு தம்ளர் தண்ணீர் இருந்தாலும் சிந்தாத அளவுக்கு இடுப்பு நிற்க வேண்டும். பத்து விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். கையையும் காலையும் கீழே கொண்டுவந்து, தரையை லேசாகத் தொட்டுவிட்டு மறுபடி நீட்டுங்கள். பக்கத்துக்கு ஆறு முறை, சற்று ஓய்வு, பிறகு நான்கு, பிறகு இரண்டு. எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போவதால் களைத்த நிலையில் தவறான அசைவு பழகாது. சைக்கிளோட்டிக்கு இதைவிட நெருக்கமான பயிற்சி எனக்குத் தெரியவில்லை. ஒரு கால் விசையோடு நீள, மறுபக்கம் தாங்க, நடுவில் இடுப்பு அசையாமல் நிற்பதுதானே ஏற்றத்தில் நாம் செய்வது.

இரண்டாவது சைடு பிளாங்க், ஒருக்களித்து முழங்கையில் ஊன்றி இடுப்பைத் தரையிலிருந்து உயர்த்திப் பிடிப்பது. தொடக்கத்தில் முழங்காலை மடித்து அதையும் ஊன்றிக்கொள்ளலாம். இவற்றோடு மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடித்து, பிட்டத்தை இறுக்கி இடுப்பைத் தூக்கும் பிரிட்ஜையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றாகப் பழகியபின் அதை ஒற்றைக்காலில் செய்யலாம். எதைச் செய்தாலும் மூச்சை அடக்கக் கூடாது. மூச்சிரைத்துக்கொண்டே இடுப்பை நிறுத்துவதுதான் மலையில் வேண்டிய திறமை. வாரத்தில் மூன்று நாள், பதினைந்து நிமிடம் போதும். சனிக்கிழமை மாலை வேண்டாம், களைத்த தசையோடு மறுநாள் மலையேறுவதில் பொருளில்லை.

இதனால் குமுளிக்கு விரைவாகப் போய்விடுவீர்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2007-இல் வெளியான ஓர் ஆய்வில், போட்டிகளில் பங்கேற்கும் சைக்கிளோட்டிகளின் நடுவுடல் தசைகளை முதலில் களைக்கவைத்து, பிறகு மிதிக்கவிட்டுப் பார்த்தார்கள். பெடலின் மேல் அவர்கள் செலுத்திய விசை பெரிதாக மாறவில்லை. மாறியது முழங்காலும் கணுக்காலும் அசைந்த விதம். அதாவது நடுவுடல் களைத்தாலும் கால் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும், அதற்கான விலையை முழங்கால் கொடுக்க நேரலாம். நாற்பது வயதைத் தாண்டி இன்னும் பல ஆண்டுகள் மலையேற விரும்பும் உங்களுக்கு இது வேகத்தைவிடப் பெரிய செய்தி என்று நான் நினைக்கிறேன்.

கியரையும் கவனியுங்கள். லோயர் கேம்ப்பைக் கடந்தபின் பெடல் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுக்கும் கீழே போகிறதென்றால், ஒவ்வொரு மிதிக்கும் முதுகுதான் முட்டுக்கொடுக்கிறது. பின்சக்கரத்தில் 32 அல்லது 34 பல் கொண்ட பெரிய பல்சக்கரம் இருந்தால் எழுபதை ஒட்டிச் சுழற்றலாம். ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று எதிரே அடிக்கும்போது, கூடலூரிலிருந்து லோயர் கேம்ப் வரையிலான சமதளத்திலேயே குனிந்து குனிந்து முதுகைச் செலவழித்துவிடாமல், மெதுவாகப் போய் மலையடிவாரத்தில் ஓரிரு நிமிடம் இறங்கி நின்று, கைகளை இடுப்பில் ஊன்றிப் பின்னால் சாய்ந்து நிமிர்ந்துகொள்ளுங்கள். ஏற்றத்திலும் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுந்து நின்று மிதித்தால் முதுகின் வளைவு மாறும்.

ஆறு முதல் எட்டு வாரம் தவறாமல் செய்தும் வலி குறையாவிட்டால், எலும்பு மருத்துவரையோ இயன்முறை மருத்துவரையோ பாருங்கள். வலி பிட்டத்தைத் தாண்டிக் காலில் இறங்கினாலோ, பாதம் மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ இத்தனை வாரம் காத்திருக்க வேண்டாம், பயிற்சியை நிறுத்திவிட்டு உடனே போங்கள். சிறுநீர் அல்லது மலம் கழிப்பதில் கட்டுப்பாடு குறைந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.